ஸ்பிளைன் தண்டின் முறுக்கு வலிமை

ஸ்பிளைன் தண்டு என்பது, தன் நீளவாக்கில் வெட்டப்பட்ட பற்களைக் கொண்டு, பொருந்தும் உட்பற்கள் உடைய குடத்துக்கு முறுக்கு விசையைக் கடத்தும் சுழல் தண்டு ஆகும். ஒற்றைச் சாவி பொருத்திய தண்டில் ஓரிடத்தில் விழும் சுமை, இதில் பல பற்களுக்குப் பிரிகிறது. ஆனால் பற்கள் எத்தனை இருந்தாலும், முறுக்கைத் தாங்குவது பற்களுக்கு அடியில் உள்ள உருளைதான்.

கணக்கிடும் முறை

டிராக்டரின் பி.டி.ஓ. தண்டை எடுத்துக்கொள்ளலாம். நிமிடத்துக்கு 540 சுற்று சுழலும் வகையில் 6 பற்கள் உள்ளன. வெளிவிட்டம் ஏறத்தாழ 35 மி.மீ.; பல்லடி விட்டம் சுமார் 29 மி.மீ. இது 30 கிலோவாட் திறனைக் கடத்துவதாகக் கொண்டால்,

முறுக்கு விசை = 9550 × 30 ÷ 540 = சுமார் 530 நியூட்டன்-மீட்டர்.

வெட்டுத் தகைவு = 16 × முறுக்கு விசை ÷ (3.14 × விட்டத்தின் மும்மடி). பல்லடி விட்டத்தை இட்டால் தகைவு சுமார் 111 மெகாபாஸ்கல். வெளிவிட்டத்தை இட்டால் 63 மட்டுமே வரும். விட்டம் மும்மடியாக வருவதால்தான் 6 மி.மீ. வேறுபாடு விடையை இவ்வளவு மாற்றுகிறது.

400 மெகாபாஸ்கல் இழுவிசைத் தகைவில் நிலையாக உருமாறத் தொடங்கும் எஃகு, முறுக்கில் அதன் 0.577 பங்கான 231 மெகாபாஸ்கலில் உருமாறத் தொடங்கும். எனவே உண்மையான பாதுகாப்புக் காரணி சுமார் 2.1. தவறான விட்டத்தை இட்டவருக்கு அது 3.7 எனத் தோன்றும். ரோட்டவேட்டர் கத்தி கல்லில் மோதி முறுக்கு இரு மடங்கானால், அவர் நம்பிய மிச்சம் அங்கே இராது. இத்தகைய அதிர்ச்சியிலிருந்து தண்டைக் காக்கவே ஷியர் போல்ட் அல்லது வழுக்குக் கிளட்ச் பொருத்தப்படுகிறது.

பற்களின் மீதான அழுத்தம்

பல்லின் உயரம் 3 மி.மீ., பிடிப்பு நீளம் 50 மி.மீ., சராசரி ஆரம் 16 மி.மீ. எனில், 6 பற்களின் மொத்தப் பரப்பு 900 சதுர மி.மீ.; அழுத்தம் சுமார் 37 மெகாபாஸ்கல். வெட்டும்போது நேரும் சிறு பிழைகளால் எல்லாப் பற்களும் சமமாகத் தொடுவதில்லை. பாதிப் பற்களே தாங்குவதாகக் கொள்வது நல்லது. அப்போது அழுத்தம் 74 ஆகும். சுமையோடு முன்னும் பின்னும் நழுவும் ஸ்பிளைன்களுக்குப் பழைய அமெரிக்க விதி ஏறத்தாழ 7 மெகாபாஸ்கல் மட்டுமே அனுமதித்தது. அங்கே பல் முறிவதைவிடத் தேய்வதே பெரிய தொல்லை.

பல்லடி மூலை

மேற்கண்ட 111 என்பது வழுவழுப்பான உருளைக்கு உரிய மதிப்பு. பல்லடி மூலை கூர்மையாக இருந்தால் தகைவு அங்கே குவிந்து இன்னும் உயரும். அதனால் மூலையைச் சிறு வளைவாக வெட்டுவர். முறுக்கு திசை மாறி மாறி வரும் தண்டுகளில், பல மூலைகளில் தொடங்கும் விரிசல்கள் நடுவே சந்திப்பதால், முறிந்த முகம் நட்சத்திர வடிவில் காணப்படும்.