கண்டல் சேற்றின் மூச்சு

இலங்கையின் புத்தளம் கரையோரத்தில், களப்பை ஒட்டிய கண்டல் சேற்றில் இறங்கியவர்களுக்கு அந்த வாடை பழக்கம். புதைந்த காலை இழுத்தெடுத்தால் மேலே மெல்லிய பழுப்புப் படலம், அதற்குக் கீழே மை போன்ற கறுப்பு, கூடவே அழுகிய முட்டை நாற்றம். எண்ணிலடங்காத நுண்ணங்கிகள் விடும் மூச்சு அது.

காட்டு மண்ணின் நுண்ணங்கிகள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று அறிய ஒரு பழைய முறை உண்டு. மண்ணை மூடிய போத்தலில் வைத்து, வெளிவரும் காபனீரொட்சைட்டைக் காரக் கரைசலில் பிடித்து அளப்பார்கள். மேட்டுக் காட்டுக்கு அது போதும். கண்டல் காட்டுக்கு அது பாதிக் கணக்குத்தான்.

நீர் தேங்கிய சேற்றில் சில மில்லிமீற்றர் ஆழத்திலேயே ஒட்சிசன் தீர்ந்துவிடுகிறது. அதற்குக் கீழே பற்றீரியாக்கள் சல்பேற்றைக் கொண்டு சுவாசிக்கின்றன; கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேற்று இருப்பதால் பஞ்சமில்லை. கழிவாக வரும் ஐதரசன் சல்பைட்டுத்தான் அந்த நாற்றம்; அது இரும்போடு சேர்ந்தால் கறுப்பு. இந்தச் சுவாசத்தை அளக்க, கதிரியக்கக் கந்தகம் கொண்ட சல்பேற்றைச் சேற்று மாதிரிக்குள் ஊசியால் செலுத்தி, அதில் எவ்வளவு சல்பைட்டாக மாறியது என்று கணக்கிடுகிறார்கள்.

இன்னொரு வழிக்குத் தேயிலைப் பை போதும். நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தின் யோஸ்ட் கியூஸ்காம்பும் குழுவினரும் 2013இல் வெளியிட்ட முறை இது. பச்சைத் தேயிலைப் பை ஒன்று, தென்னாபிரிக்க ரூய்போஸ் பை ஒன்று. இரண்டையும் நிறுத்து 8 சென்ரிமீற்றர் ஆழத்தில் புதைத்து, சுமார் 90 நாளில் எடுத்து உலர்த்தி மீண்டும் நிறுப்பார்கள். பச்சைத் தேயிலை விரைவில் மக்கும், ரூய்போஸ் மெல்ல மக்கும். இரண்டும் இழந்த எடையிலிருந்து மண் எவ்வளவு வேகமாகத் தின்கிறது, எவ்வளவை மிச்சம் வைக்கிறது என்பது தெரிந்துவிடும்.

அந்த மிச்சம்தான் கண்டலின் செல்வம். ஒட்சிசன் இல்லாத இடத்தில் வேர்களும் இலைகளும் மெதுவாகவே சிதைவதால் காபன் நூற்றாண்டுக் கணக்கில் சேற்றிலேயே தங்குகிறது. புத்தளம் மாவட்டத்தில் இறால் பண்ணைக்கென வெட்டிய குளங்கள் அந்தப் பூட்டை உடைத்தன. காற்றுப் பட்டதும் புதைந்திருந்த காபன் சிதையத் தொடங்குகிறது. சேற்றின் பைரைட்டு சல்பூரிக்கமிலமாகி மண்ணைப் புளிக்க வைக்கிறது. இறால்களுக்கு வெண்புள்ளி நோய் வந்த பின் பல குளங்கள் அப்படியே கைவிடப்பட்டன.

கண்டலை மீட்க இலங்கையில் கன்று நட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு ஒன்று, அவற்றில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை என்று சொன்னது. கன்றை எண்ணுவதோடு அதன் காலடிச் சேற்றையும் அளக்க வேண்டியிருக்கிறது. கைவிட்ட குளம் ஒன்றிலும், பக்கத்தில் நிற்கும் கண்டலுக்குள்ளும் ஒரே நாளில் தேயிலைப் பைகளைப் புதைத்துப் பார்க்க, ஒரு தராசும் மூன்று மாதப் பொறுமையும் உள்ள எந்தப் பாடசாலையாலும் முடியும்.