குணமான நுரையீரலின் கணக்கு

ஓய்வாக இருக்கும் ஒருவரின் நுரையீரலில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 4 லிட்டர் காற்று காற்றறைகளை எட்டுகிறது. 5 லிட்டர் ரத்தம் அவற்றைச் சுற்றி ஓடுகிறது. இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்தால்தான் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறும். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி காற்றின் மொத்தக் கணக்கைச் சொல்லும். கோளாறு எந்தப் பகுதியில் என்று சொல்லாது.

எம்.ஆர்.ஐ. அதைச் சொல்லக்கூடும். ஆனால் சென்னையில் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு ஸ்கேன் மையங்களில் அந்தக் கருவிக்கு மூளையும் முதுகுத்தண்டும் முழங்காலும்தான் பழக்கம். அது படிப்பது பெரும்பாலும் நீரில் உள்ள ஹைட்ரஜனின் சமிக்ஞையை. நுரையீரலிலோ பெரும்பகுதி காற்று. போதாக்குறைக்கு, காற்றும் திசுவும் தொடும் இடமெல்லாம் காந்தப்புலம் பிசகி, சமிக்ஞை ஓரிரு மில்லி விநாடியில் மங்கிவிடும்.

ஒரு வழி, செனான்-129 வாயுவை லேசர் உதவியால் மிகை காந்தமுறச் செய்து, உள்ளிழுத்துச் சில விநாடி மூச்சைப் பிடிக்க வைப்பது. 1994-இல் சுண்டெலியின் நுரையீரலில் தொடங்கியது. 2022 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வாயு காற்றறைச் சுவரைக் கடந்து சிவப்பணுவை அடைவதைக்கூட இதில் பிரித்தறியலாம். ஆனால் காற்றில் கோடியில் ஒரு பங்குகூடச் செனான் கிடையாது. தனிக் கருவிகளும் வேண்டும்.

வாயுவே தேவைப்படாத இன்னொரு வழி சென்னைக்குப் பொருத்தமானது. நோயாளி இயல்பாக மூச்சுவிட, படங்கள் அடுத்தடுத்து எடுக்கப்படும். மூச்சு இழுக்கும்போது திசு விரிந்து சமிக்ஞை குறையும், விடும்போது கூடும். இதயத் துடிப்புக்கேற்பப் புது ரத்தம் பாய்ந்து வேறொரு ஏற்றஇறக்கத்தைத் தரும். இரு தாளங்களையும் கணினி பிரித்து, காற்றுக்கு ஒன்று, ரத்தத்துக்கு ஒன்று என வரைபடம் தரும். பாயும் திரவம் காந்த ஒத்ததிர்வுச் சமிக்ஞையை மாற்றுகிறது என்று 1951-லேயே ஆய்வு வெளியானது பெங்களூரில்தான்.

வாயுவில்லா இந்த முறையில் முதல் உரிமை காசநோயிலிருந்து மீண்டவர்களுக்கே. 1956-இல் தொடங்கிய சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் தங்குவதற்கு இணையாகக் குணமாகும் என்று 1959-இல் காட்டி உலகின் போக்கையே மாற்றியது. ஆனால் சிகிச்சைக்குப் பின் சளியில் கிருமி இல்லையென்றால் வழக்கு முடிந்ததாகக் கோப்பை மூடிவிடுகிறார்கள். தழும்பும் விரிந்த மூச்சுக்குழாய்களும் சிதைந்த ரத்தநாளங்களும் உள்ளேயே இருக்கின்றன, படியேறினால் மூச்சு இளைக்கிறது.

தழும்பை நுணுக்கமாகக் காட்ட சி.டி.க்கு ஈடில்லை என்பார்கள், உண்மைதான். ஆனால் அது கதிர்வீச்சு. இளவயது நோயாளிக்கு அடிக்கடி எடுக்கத் தயங்குவார்கள். எம்.ஆர்.ஐ.யில் அந்தத் தயக்கம் இல்லை. வாயுவில்லா முறையின் வரைபடம் பெரும்பாலும் ஒப்பீட்டளவிலேயே பேசும். எனவே ஆறு மாத மருந்து தொடங்கும்போதே ஒரு படம் எடுத்திருந்தால்தான், முடிந்தபின் எடுப்பதில் எவ்வளவு மீண்டது, எவ்வளவு போனது என்று பார்க்க முடியும்.