வாசல் காத்த நாய்க்கு முதுமை வந்தால்

சோகநாசினி ஆற்றங்கரையில் அமைந்த நம் சித்தூரில், துஞ்சத்து எழுத்தச்சன் இறுதிக்காலம் கழித்ததாக மரபு கூறும் குருமடம் உள்ளது. மலையாளத்தில் பாரதம் பாடியவர் அவர். தன்னைத் தொடர்ந்த நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புக மறுத்த தருமரின் கதையும் பாரதமே. அந்த நாய் வீட்டை நனைக்கவில்லையே என்று அன்பர் சிலர் வினவக்கூடும்.

பிழைப்பு நாடி வெளியூர் வந்த நாம், பெற்றோரிடம் விட்டுவந்த நாய் முதுமையுற்றுத் தன்னையறியாமல் சிறுநீர் கழிக்கிறது. துடைப்பவரோ முதுகு வளையாத அன்னையார். என் செய்வது?

அடித்தல் தகாது, அது குறும்பன்று. நீர்ப்பை அழற்சி, நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, கருத்தடை செய்த பெண்நாய்க்குத் தசைத் தளர்ச்சி எனக் காரணங்கள் பல. சில மருந்தால் தீரும். ஆதலின் முதற்கண் கால்நடை மருத்துவரிடம் காட்டுவோம். மண்ணுத்தியில் 1955-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் உண்டு. குடிநீரைக் குறைத்தல் கேடு. அடிக்கடி வெளியே அழைத்தலும், துவைக்கத்தக்க விரிப்பும், உடலை ஈரமின்றி வைத்தலும் நலம்.

தொலைவில் கொண்டு விடலாமா? பசியாலும் தாகத்தாலும் வாடுமாறு விலங்கைக் கைவிடுதல், 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். தீரா வேதனை கண்டு வலியற்ற முடிவை மருத்துவர் பரிந்துரைப்பின் ஏற்கலாம். துடைக்கும் தொல்லை மட்டுமே அதற்குக் காரணமாகலாகாது. மாதந்தோறும் பணம் அனுப்பும் நாம், அன்னையாரின் கைக்கு உதவியாக ஓர் ஆளையும் அமர்த்துவோமாக.