அடையாற்றின் கழிமுகம்

ஏனாத்தூரிலிருந்து பட்டணத்துக்குப் பெரிய சாலையில் செல்கையில், தென்புறமாகச் செம்பரம்பாக்கம் ஏரி கிடக்கிறது. அதன் உபரி ஜலந்தான் அடையாறு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அப்படியன்று. ஆதனூர், மண்ணிவாக்கம் முதலிய ஊர்களின் ஏரிகள் ஒன்று நிரம்பி மற்றொன்றுக்கு வழிவதே ஆற்றின் பிறப்பு. செம்பரம்பாக்கத்து ஜலம் திருநீர்மலையருகே பிற்பாடுதான் வந்து சேருகிறது.

சுமார் 42 கிலோமீட்டர் ஓடிச் சமுத்திரத்தை நெருங்கும் ஆற்றை, சீனிவாசபுரத்தருகே ஒரு மணல் திட்டு மறிக்கிறது. அலைகள் கரையோரமாக மணலை வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. மழைக்காலத்து வெள்ளம் திட்டை உடைக்கும்; கோடையில் ஆறு மெலிய, வாய் அடைபடும். அப்பொழுது குயிபிள் தீவைச் சுற்றிய கழியில் கடல் ஏறி இறங்குவது நின்று, நகரத்துச் சாக்கடை தங்கிவிடுகிறது. மீன் குறைகிறது; வலைஞர் வீட்டு அடுப்பு அணைகிறது. 2011-ல் திறந்த தொல்காப்பியப் பூங்கா அக்கழியில் ஒரு பகுதியை மீட்டது நல்ல காரியமே.

2015 டிசம்பர் 1-ந் தேதி செம்பரம்பாக்கத்தில் வினாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது. பழி முழுவதையும் அந்த மதகின் மீது சுமத்த நாம் சம்மதியோம். அன்று மூழ்கிய முடிச்சூரும் வரதராஜபுரமும் திருநீர்மலைக்கு மேலேயன்றோ இருக்கின்றன? அங்கே ஏரிக்கால்களிலும் தாழ்ந்த வயல்களிலும் மனை போட்டு விற்றிருந்தார்கள்.