‘சென்னை 28’ இரண்டாம் பாகத்துக்கு விமர்சனம் ஏன் ரெண்டா பிரிஞ்சது? கனடா ஹாக்கி படத்துக்கும் இதே கதைதான்!

சாமளாபுரம் விசைத்தறியில் வேலை பார்ப்பவருக்கு வாரக் கூலி வந்ததும் ஞாயிற்றுக்கிழமை ஒரு படம். அதுக்குமேல செலவு பண்ண முடியாது. அப்படிப்பட்டவர் விமர்சனத்துல தேடுறது ஒண்ணைத்தான்: “முதல் பாகம் பார்க்காம போனா பிடிக்குமா?”

‘சென்னை 600028 II’ விஷயத்தில் சிக்கலே இந்த கேள்விதான்.

2016 டிசம்பர் 9-ல் படம் ரிலீஸ். பழைய 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சு சரியா ஒரு மாசம். ஏடிஎம்-ல் ஒரு நாளைக்கு 2,500 ரூபாய்தான். முதல்வர் ஜெயலலிதா மறைந்து நான்கே நாள். அடுத்த திங்கட்கிழமை சென்னையை வர்தா புயல் தாக்கியது. இவ்வளவுக்கும் நடுவில் வந்த படத்துக்கு விமர்சனம் மோசமில்லை. ஆனா 2007-ல் முதல் பாகத்துக்கு கிடைச்ச கொண்டாட்டமும் இல்லை.

என்ன மாறிச்சு?

முதல் பாகத்தில் பெரும்பாலும் புதுமுகங்கள். விசாலாட்சி தோட்டத்துப் பசங்க, தெரு கிரிக்கெட், ராயபுரம் அணியோட பகை, அவ்வளவுதான் கதை. பம்பு செட்டு பக்கத்துல டென்னிஸ் பால் ஆடுற பசங்களுக்கும் அது சொந்தக் கதையா தெரிஞ்சது.

இரண்டாம் பாகத்தில் அதே பசங்களுக்கு கல்யாணம், குழந்தை, தொப்பை. ஜெய் நடித்த ரகுவின் கல்யாணத்துக்காக தேனி போறாங்க. அங்கே வைபவ் நடித்த மருதுபாண்டியின் அணியோட மோதல், கல்யாணமே நிக்கிற நிலை. கிரிக்கெட் ஓரமா போய், கல்யாணப் பிரச்னை நடுவுக்கு வந்துடுது.

பழைய படத்தை நினைவுபடுத்தும் காட்சிகளை ஒரு தரப்பு ரசித்தது. அதையே இன்னொரு தரப்பு ‘பழைய கணக்குல வாங்கின கைதட்டல்’னு பார்த்தது. ரெண்டும் நியாயம்தான். மனைவி என்றாலே நண்பர்களைப் பிரிக்கிறவர் என்ற காமெடி பற்றிய குறைக்கு மட்டும் மறுபேச்சு கிடையாது. விஜயலட்சுமி போன்ற நடிகை இருந்தும் அவருக்கு கிடைச்சது அதே சண்டைதான்.

சிவாவோட பாத்திரம் யூடியூப்ல சினிமா விமர்சனம் பண்றவர்! விமர்சகர்களை முன்கூட்டியே கிண்டல் செய்துவிட்ட படம் இது.

ஹாக்கி படத்துக்கு என்ன ஆச்சு?

மூணு மாசம் கழிச்சு, 2017 மார்ச்சில், கனடாவில் ‘கூன்’ படத்தின் இரண்டாம் பாகம் வந்தது. (அங்கே ‘கூன்’னா அடியாள்.) சியான் வில்லியம் ஸ்காட் நடித்த டக் கிளாட், ஐஸ் ஹாக்கி அணிக்காக அடிதடி செய்யும் வீரர். இந்த முறை அடிபட்டு, ஆட்டத்தை விட்டுட்டு இன்சூரன்ஸ் கம்பெனி வேலைக்குப் போறார். மனைவி கர்ப்பம். அப்பவும் மைதானம் இழுக்குது.

2011-ல் வந்த முதல் பாகத்தை மைக்கேல் டவுஸ் இயக்கினார். இரண்டாவதை, அதில் எழுத்தாளராகவும் நடிகராகவும் இருந்த ஜே பருச்செல் இயக்கினார். விமர்சகர்கள் சொன்னதும் ஏறக்குறைய அதேதான்: சிரிப்பு இருக்கு, முதல் படத்தோட வெள்ளந்தித்தனம் இல்லை.

வயசாகிறதைக் கதையா எடுத்துக்கிட்டு, காமெடியை மட்டும் பழைய இடத்துலயே விட்டதுதான் ரெண்டு படத்துக்கும் வந்த கோளாறு.

‘சென்னை 28’ இதுவரை பார்க்காதவங்க முதல் பாகத்தைப் பார்த்துட்டு ரெண்டாவதுக்கு வரலாம். நேரா ரெண்டாம் பாகத்துக்குப் போனா, தியேட்டரே கைதட்டுற இடத்துல ‘இவர் யாரு?’ன்னு பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்க வேண்டியிருக்கும்.