கொடியைச் சாய விடாத பிராக் நகரத்துச் சிப்பாய்

லியோபோல்ட் கார்ப்பலெஸ் 1838-இல் பிராக் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே கடல் கடந்து, டெக்சாஸில் இருந்த அண்ணனிடம் வந்து சேர்ந்தார். பின்பு வடக்கே மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் குடியேறினார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தாம் வளர்ந்த தென்பகுதிக்கு எதிராக, வட மாநிலங்களின் தரப்பான ஒன்றியத்தின் படையில் சேர்ந்தார். 1862-இல் 46-ஆவது மாசசூசெட்ஸ் ரெஜிமெண்டில் ஒன்பது மாதச் சேவை. அது முடிந்ததும் வீட்டோடு இருந்துவிடாமல் 57-ஆவது ரெஜிமெண்டில் மறுபடி பெயர் கொடுத்தார். இரண்டிலும் அவருக்குக் கிடைத்த பணி கொடி ஏந்துவது.

இது அலங்காரப் பணி அல்ல. அக்காலத் துப்பாக்கிகள் கக்கிய அடர்ந்த வெண்புகையில் பக்கத்தில் நிற்பவனே தெரியமாட்டான். உத்தரவும் காதில் விழாது. கொடி எங்கே நிற்கிறதோ அங்கேதான் படை. அது முன்னேறினால் எல்லோரும் முன்னேறுவார்கள், விழுந்தால் அணி கலைந்துவிடும். அதனாலேயே எதிரியின் குண்டுகள் முதலில் கொடியைத்தான் தேடி வந்தன. கொடி பிடித்தவனோ இரு கையாலும் கம்பத்தைத் தாங்கி நிற்க வேண்டும்; திருப்பிச் சுட வழியில்லை.

1864 மே மாதம் வர்ஜீனியாவின் வில்டர்னெஸ் காட்டில் ஒன்றியத் தளபதி கிராண்டின் படையும் தென்பகுதித் தளபதி லீயின் படையும் மோதின. புதர் மண்டிய அடர்காடு அது. வெடிமருந்துப் பொறியில் சருகு பற்றிக்கொள்ள, நகர முடியாத காயக்காரர்கள் பலர் உயிரோடு எரிந்தார்கள். புதிதாகத் திரட்டப்பட்ட 57-ஆவது ரெஜிமெண்டுக்கு இதுவே முதல் போர். 200 பேருக்கு மேல் அங்கே பலியாகவோ காயமடையவோ காணாமல் போகவோ நேர்ந்தது. மே 6 அன்று லீயின் கீழிருந்த தளபதி லாங்ஸ்ட்ரீட்டின் படை பக்கவாட்டில் தாக்கியதும் ஒன்றியத்தின் அணிகள் சிதறி ஓடின. கார்ப்பலெஸ் ஓடவில்லை. கொடியை உயர்த்திப் பிடித்து, பின்வாங்கியவர்களைக் கூவி அழைத்தார். கொடியைக் கண்டவர்கள் திரும்பி வந்து சேர்ந்தார்கள். எதிரியின் முன்னேற்றம் தடைபட்டது. ஒரு குண்டுகூடச் சுடாமல் செய்த வீரச்செயல் இது.

அதே மாதம் நார்த் அன்னா ஆற்றருகே காலில் குண்டடிபட்டு, வாஷிங்டன் மருத்துவமனையில் நெடுநாள் கிடந்தார். அந்நகரத்து யூதக் குடும்பம் ஒன்றின் மகளையே பிறகு மணந்துகொண்டார்.

வில்டர்னெஸில் காட்டிய துணிவுக்காக 1870 ஏப்ரல் 30 அன்று அவருக்கு அமெரிக்காவின் மிக உயரிய போர்வீர விருதான மெடல் ஆஃப் ஆனர் வழங்கப்பட்டது. உள்நாட்டுப் போருக்காக அளிக்கப்பட்ட இவ்விருதுகளில் பெரும்பங்கு கொடியைக் காத்தவர்களுக்கும் எதிரியின் கொடியைக் கைப்பற்றியவர்களுக்கும் சென்றது. ஒன்றியப் படையில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வேற்று நாட்டில் பிறந்தவர் என்பதால், விருது பெற்றோர் பட்டியலில் அயர்லாந்து, ஜெர்மனி என்று பல தேசத்து ஊர்ப்பெயர்கள் காணக் கிடைக்கின்றன. கார்ப்பலெஸ் வாஷிங்டனிலேயே தங்கி, அஞ்சல் துறையில் எழுத்தராக வேலை பார்த்து, 1909-இல் காலமானார்.