ஈரல் தட்டைப்புழு

அண்ணனூரை அடுத்த அயப்பாக்கம் ஏரி போன்ற நன்னீர்க் கரைகளில் சிறு நத்தைகள் வாழ்கின்றன. செம்மறியின் பித்தநாளத்தில் தங்கும் இலை வடிவத் தட்டைப்புழுவின் முட்டை புழுக்கையோடு நீரில் விழுந்து பொரிய, இளம்புழு லிம்னியா வகை நத்தைக்குள் பெருகி, கரைப்புல்லில் ஒட்டி மறுபடி ஆட்டுக்குள் போகிறது. இவ்வகைப் புழுவின் வாழ்க்கைச் சுற்றை 1880களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் கண்டறிந்தனர்.

இப்புழுவால் செத்த ஆடுகளை மட்டும் எண்ணினால் நட்டம் சிறிதாகவே தெரியும். இவ்வட்டாரத்து மெட்ராஸ் சிவப்பு இறைச்சிக்கான செம்மறி இனம். எனவே இரத்தசோகை, தாடை வீக்கம், ஏறாத எடை, கறிக்கடையில் கழிக்கப்படும் ஈரல் எல்லாம் வளர்ப்பவர் தலையில்தான் விழும். மருந்து கொடுத்தால் போதாதா? உரிய மருந்து புழுவைக் கொல்லும், நத்தையை அல்ல. மருந்து கொடுத்த ஆட்டை அதே ஈரப்புல்லில் மேயவிடாதீர்கள்.